துறவிகளின் ஆட்டுப் பாதையில் துவிச்சக்கர வண்டிகள்

அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு எழுதியோர் பலர். பாதைகளுக்கு வரலாறு எழுதியோர் மிகச் சிலரே. ஒரு பாதையில் யார் போகலாம், நடந்து போகலாமா, குதிரையில் போகலாமா, சில்லு பூட்டிய வண்டியில் போகலாமா என்ற கேள்விகள் அற்பமானவையாகத் தோன்றக்கூடும். ஆனால் இக்கேள்விகளின் பொருட்டு நீதிமன்றப் படியேறியோரும் சிறை சென்றோரும் உண்டு. தாம் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரை பாதையாக மாறுவதைக் காண முப்பது ஆண்டுகள் காத்திருந்த பத்திரிகையாளர் ஒருவரும் உண்டு.

வட இங்கிலாந்திலுள்ள யோர்க்ஷயர் டேல்ஸ் என்னும் உயர்நிலச் சுண்ணக்கற் பிரதேசம், 'மவுண்டன் பைக்' எனப்படும் மலைச் சைக்கிள் ஓட்டுவோர் பெரிதும் விரும்பும் இடங்களுள் ஒன்றாகும். வார இறுதிகளில் லீட்ஸ், பிரட்போர்ட், மன்செஸ்டர் ஆகிய நகரங்களிலிருந்து அகன்ற டயர் பூட்டிய வண்டிகளுடன் அங்கு வருவோர் ஏராளம். அவர்களுடைய வழிகாட்டி நூல்களும் கைத்தொலைபேசி வரைபடங்களும் எத்தனை மைல் தூரம், எவ்வளவு ஏற்றம், எங்கே தேநீர்க் கடை என்பவற்றைச் சொல்கின்றன. அந்தப் பாதையை அங்கே உண்டாக்கியவர் யார், அதில் சைக்கிள் ஓட்டும் உரிமை எப்படிக் கிடைத்தது என்பவற்றை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. அவ்விரண்டையும் பற்றியதே இக்கட்டுரை.

கல்லின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவர்களுக்குச் சுண்ணக்கல்லின் குணத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை. மழைநீர் ஆறாக ஓடாமல் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும் என்பதையும், அந்த நீரே நிலாவரைக் கிணறாகவும் கீரிமலைக் கேணியாகவும் வெளிப்படும் என்பதையும் நாம் சிறுவயதிலேயே அறிந்திருக்கிறோம். யோர்க்ஷயர் டேல்ஸின் கல்லும் அதே குணமுடையதுதான். ஆனால் வயதில் மிக மூத்தது. ஏறக்குறைய 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய இங்கிலாந்தின் நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், வெதுவெதுப்பான ஆழங்குறைந்த கடலின் கீழ்க் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து இறுகியதே இன்று மலையாக நிற்கும் கல்.

பிற்காலத்தில் பனிப்பாறைகள் இந்நிலத்தின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தன. வெளித்தெரிந்த வெறுங் கற்றளத்தை மழைநீர் கரைத்து, பாளம் பாளமாகப் பிளந்தது. மல்ஹம் என்னும் கிராமத்துக்கு மேலே, ஏறக்குறைய 80 மீற்றர் உயரமான மல்ஹம் கோவ் என்ற செங்குத்துப் பாறையின் உச்சியில் இத்தகைய கற்றளத்தைக் காணலாம். பாளங்களுக்கு இடையிலுள்ள வெடிப்புகளில், ஆட்டின் வாய்க்கு எட்டாத ஆழத்தில், பன்னம் முதலிய செடிகள் வளர்கின்றன. தோட்டங்களை அழகுபடுத்துவதற்காக இக்கற்பாளங்கள் பெயர்த்து விற்கப்பட்டதால், அவற்றைப் பாதுகாக்க 1981 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் மற்றும் கிராமப்புறச் சட்டத்தில் தனி ஏற்பாடே செய்ய நேர்ந்தது.

நீரின் விளையாட்டு அங்கும் விசித்திரமானது. மல்ஹம் டார்ன் என்னும் ஏரியிலிருந்து புறப்படும் ஓடை சிறிது தூரம் ஓடிப் பின் நிலத்துக்குள் மறைந்துவிடுகிறது. அது கோவ் பாறையின் அடியில் வெளிவருவதாகவே எவரும் நினைப்பர். ஆனால் அந்த நீர் கிராமத்துக்கும் தெற்கே உள்ள ஊற்றில் வெளிப்படுகிறது என்பதையும், கோவ் அடியில் ஊறுவது வேறோர் இடத்தில் மறைந்த நீர் என்பதையும் ஆய்வுகள் காட்டின. இங்கிள்பரோ மலைச்சரிவிலுள்ள கேப்பிங் கில் என்ற குழியில் ஓர் ஓடை ஏறக்குறைய 98 மீற்றர் ஆழத்துக்கு நேராக விழுகிறது. 1895 ஆம் ஆண்டில் அதன் அடிவரை முதன்முதலில் இறங்கிப் பார்த்தவர் எதுவார் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர்.

பாதைகளின் வரலாற்றில் இக்கல்லுக்கு என்ன வேலை என வாசகர்கள் கேட்கலாம். பழங்காலத்தில் பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதி சேறும் புதருமாக இருந்தது. அயலிலுள்ள மணற்கல் மலைகளின் மேலோ காலை வைத்தால் உள்ளிழுக்கும் கரிச்சதுப்பு. இவ்விரண்டுக்கும் இடையில், பெய்த மழையை உடனே உறிஞ்சிவிட்டு உலர்ந்த புற்றரையைத் தாங்கி நிற்பது சுண்ணக்கல் மேட்டுநிலமே. ஆகவே தூரப் பயணம் செய்தோர் மேட்டுநிலத்தின் மீது ஏறி நடந்தனர். அன்று ஆட்டுக் கூட்டத்துக்கு எது வசதியாக இருந்ததோ, அதுவே இன்று சைக்கிள் டயருக்கும் வசதியாக இருக்கிறது. மழை நாளில் மட்டும், பல தலைமுறைகளின் காலடியில் மழுங்கிய சுண்ணக்கல் சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கும் என்பதை அங்கு விழுந்தெழுந்த எவரும் சொல்வர்.

பாதையை இட்டவர்கள்

இப்பாதைகளுள் மிகவும் பெயர்பெற்றது மாஸ்டைல்ஸ் லேன். 'லேன்' என்பதை யாழ்ப்பாண வழக்கில் 'ஒழுங்கை' என்று சொன்னால் மிகப் பொருந்தும். கில்ன்சி என்னும் ஊரிலிருந்து மல்ஹம் மேட்டுநிலத்தை நோக்கி ஏறக்குறைய ஐந்து மைல் நீளத்துக்கு இது செல்கிறது. இருபுறமும் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய மதில்கள். நெடுந்தீவின் கல்வேலிகளைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு சென்றிருந்தபோது இவ்வொழுங்கையின் ஒரு பகுதியை நான் நடந்து பார்த்தேன். சைக்கிள் மிதித்து ஏறும் வயது எனக்குக் கடந்துவிட்டது. ஆனால் நடப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. கீழே பார்த்துக்கொண்டு போகலாம். மதிலோரத்தில் நடுவே குழியுடன் கிடந்த ஒரு கற்பீடத்தைக் கண்டு, இது என்ன என்று உடன் வந்தவரிடம் கேட்டேன். ஒரு காலத்தில் அக்குழியில் சிலுவை நாட்டப்பட்டிருந்தது என்றார் அவர்.

அச்சிலுவைகளை நாட்டியவர்கள் பவுண்டன்ஸ் மடாலயத்தின் துறவிகள். 1132 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அம்மடம், சிஸ்டேர்சியன் சபையைச் சேர்ந்தது. உலகத்தைத் துறந்து உழைப்பையும் செபத்தையும் மேற்கொள்ள வந்த அத்துறவிகள், காலப்போக்கில் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஆட்டுமந்தைகளுள் ஒன்றின் சொந்தக்காரர்களானார்கள். அவர்களின் கம்பளியை இத்தாலிய வணிகர்கள் வாங்கிச் சென்றனர். கில்ன்சியில் அவர்களுக்கு ஒரு பெரும் பண்ணை நிலையம் இருந்தது. அங்கிருந்து மல்ஹம் மேய்ச்சல் நிலங்களுக்கும், அப்பால் ஏரிப் பிரதேசத்திலிருந்த நிலங்களுக்கும் மந்தைகளை ஓட்டிச் சென்ற வழியே மாஸ்டைல்ஸ். மூடுபனியில் வழி தவறாதிருக்கவும், தமது நிலத்தின் எல்லையைக் காட்டவும் இத்தகைய சிலுவைகள் உதவின. 1539 ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடம் கலைக்கப்பட்டது. துறவிகள் போயினர். பாதை போகவில்லை.

துறவிகளுக்கும் முன்னர் இவ்வழியில் ஆள்நடமாட்டம் இருந்தது. ரோமப் படையின் தற்காலிக முகாம் ஒன்றின் மண்வரம்பை மாஸ்டைல்ஸ் ஒழுங்கை ஊடறுத்துச் செல்கிறது. துறவிகளுக்குப் பின்னர் வந்தவர்கள் ஸ்கொட்லாந்தின் மந்தை ஓட்டிகள். 1707 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே இராச்சியமாக இணைந்த பின்னர், வடக்கின் மாடுகளைத் தெற்கின் சந்தைகளுக்குக் கால்நடையாகவே ஓட்டிவரும் வாணிபம் பெருகியது. நூற்றுக்கணக்கான மைல் நடக்கவேண்டிய மாடுகளுக்குக் குளம்பில் லாடம் அடிக்கப்பட்டது. மல்ஹம் டார்ன் ஏரிக்கு அருகிலுள்ள கிரேட் குளோஸ் என்ற பரந்த புல்வெளியில் 18 ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மாடுகள் மேய்ந்து இளைப்பாறின. அங்கேயே சந்தையும் கூடியது. புகையிரதம் வந்ததும் இவ்வாணிபம் மறைந்தது. மாடுகள் பெட்டியில் ஏறின. புல்வெளி அமைதியானது.

இன்னொரு பாதை காம் ஹை ரோட். ரோமர் காலத்தில் பெயின்பிரிட்ஜ் கோட்டைக்குச் சென்ற நேர்வழி இது. 1751 ஆம் ஆண்டில் லங்காஸ்டரையும் ரிச்மண்ட்டையும் இணைக்கும் சுங்கச் சாலை அமைக்க அனுமதி கிடைத்தபோது, இதே மேட்டுவழிதான் வண்டிகள் செல்லும் பெருந்தெருவாயிற்று. காற்றும் பனியும் வண்டிக்காரரை வாட்டியதால், 1795 ஆம் ஆண்டில் சாலை பள்ளத்தாக்கு வழியாக மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட பழைய சாலை மந்தைகளுக்கும் நடப்போருக்கும் உரியதாக எஞ்சியது. இதற்கு அண்மையில், ஊரோ வீடோ அருகில் இல்லாத லிங் கில் என்ற இடத்தில் ஒரு கற்பாலம் இருக்கிறது. மேற்கு ரைடிங் பிரதேசம் முழுவதினதும் செலவில் 1765 ஆம் ஆண்டில் இது திருத்தப்பட்டது என்று அதிலுள்ள கல்வெட்டு கூறுகிறது. ஆளரவமற்ற இடத்திலுள்ள ஒரு பாலத்துக்கு ஊர்ப்பணம் ஏன் செலவிடப்பட்டது? அது ஒருகாலத்தில் பொதுப் பெருவழியாக இருந்தது என்பதற்கு அக்கல்லே சாட்சி.

மதில்களின் கதையையும் சொல்லவேண்டும். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், ஊருக்குப் பொதுவாயிருந்த மேய்ச்சல் நிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் பங்கிட்டு அடைக்கப்பட்டன. ஏழைகளில் பலர் பொதுநிலத்தில் ஆடு மாடு மேய்க்கும் உரிமையை இழந்தனர். இது பெரும் அநியாயமாகவே அவர்களுக்குப் பட்டது. ஆயினும் நிலத்தைப் பங்கிட்ட ஆணையாளர்கள் பொதுப் பாதைகளையும் அவற்றின் அகலத்தையும் ஏட்டில் எழுதிவைத்தனர். மந்தைகள் பரந்து சென்ற வழி இரு மதில்களுக்கு நடுவே ஒடுங்கியது உண்மை. ஆனால் அதே வேளையில் அது பதிவும் பெற்றது. பொதுநிலத்தைப் பறித்த அதே ஏடு பாதையைக் காப்பாற்றியது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

வண்டியா, வண்டி இல்லையா?

இனித் துவிச்சக்கர வண்டியின் கதைக்கு வருவோம். 1878 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இதே யோர்க்ஷயரைச் சேர்ந்த ஹரோகேட் நகரில் துவிச்சக்கர வண்டிச் சுற்றுலாக் கழகம் நிறுவப்பட்டது. பின்னர் சி.ரி.சி. என்ற பெயரால் அறியப்பட்ட இக்கழகமே இன்று 'சைக்கிளிங் யூகே' என்ற பெயரில் இயங்குகிறது. அக்காலத்தில் சைக்கிளுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் இருக்கவில்லை. அது ஒரு வண்டியா, விளையாட்டுப் பொருளா என்பதே கேள்வியாக இருந்தது. 1879 ஆம் ஆண்டில் டெய்லர் எதிர் குட்வின் என்ற வழக்கில், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி சைக்கிளும் ஒரு வண்டியே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, சைக்கிளைச் சட்டம் முதலில் வண்டியாக ஏற்றுக்கொண்டது அதை ஓட்டியவரைத் தண்டிப்பதற்காகவே.

1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் இதைப் பொதுவிதியாக்கியது. சைக்கிள்கள் யாவும் பெருந்தெருச் சட்டங்களின்படி வண்டிகளே என அதன் 85 ஆம் பிரிவு பிரகடனம் செய்தது. பிறரை முந்தும்போது மணி அல்லது ஊதுகுழல் ஒலிக்கவேண்டும் என்றும் விதித்தது. சைக்கிளோட்டிகள் மகிழ்ந்தனர். குதிரை வண்டிக்குள்ள உரிமை தமக்கும் தெருவில் கிடைத்துவிட்டதல்லவா? ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே ஓர் இழப்பு மறைந்திருந்தது. இங்கிலாந்தின் சட்டத்தில் பொதுவழிகள் பல தரப்பட்டவை. நடைபாதையில் நடக்கலாம். குதிரைப் பாதையில் நடக்கலாம், குதிரையும் செலுத்தலாம். வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. சைக்கிள் வண்டியாகிவிட்டபடியால், குதிரைப் பாதையில் அதை ஓட்டிச் செல்வது நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல் என்றாகியது. தெருவைத் திறந்த சொல் மலையை மூடிற்று.

இதனால் எவரும் போகாமல் இருந்துவிடவில்லை. தெருவை விட்டு மலைவழிகளில் சைக்கிளை உருட்டியும், தோளில் தூக்கியும், ஓடக்கூடிய இடத்தில் ஓட்டியும் செல்வதில் இன்பம் கண்டவர்கள் 1955 ஆம் ஆண்டில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கத்தை அமைத்தனர். சாதாரணப் பயணச் சைக்கிள்களே அவர்களிடம் இருந்தன. 1961 ஆம் ஆண்டிலிருந்து இங்கிள்பரோ, வேர்ன்சைட், பென்-இ-கெண்ட் ஆகிய மூன்று மலைகளின் மீதும் ஏறி இறங்கும் சைக்கிள் போட்டி நடைபெற்று வருகிறது. இடையிடையே நில உரிமையாளரின் சிறப்பு அனுமதியுடன் செல்லும் அப்போட்டியில், மெல்லிய டயர் கொண்ட வண்டிகளே அனுமதிக்கப்படுகின்றன. மவுண்டன் பைக்குகளுக்கு அதில் இடமில்லை என்பது வேடிக்கையான உண்மை.

எண்பது ஆண்டுகள் கழித்து நிலைமை மாறிற்று. 1968 ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம், 30 ஆம் பிரிவு. இயந்திரத்தால் இயங்காத சைக்கிளைக் குதிரைப் பாதையில் ஓட்டும் உரிமை பொதுமக்கள் எவருக்கும் உண்டு என்று அது கூறியது. கூடவே இரண்டு நிபந்தனைகள். நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் சைக்கிளோட்டி வழிவிடவேண்டும். சைக்கிளோட்டிகளின் வசதிக்காகப் பாதையைத் திருத்தவேண்டிய கடமை எந்த அதிகாரசபைக்கும் இல்லை. மிகச் சில வரிகள்தான். அவற்றின் மூலம் மாஸ்டைல்ஸ் போன்ற பழைய வழிகளை ஒன்றோடொன்று இணைக்கும் குதிரைப் பாதைகள் பல சைக்கிளுக்குத் திறந்தன.

இதில் கவனிக்கவேண்டியது ஆண்டு. 1968 இல் மவுண்டன் பைக் என்ற பொருளே உலகில் இல்லை. கலிபோர்னியாவின் டமால்பயஸ் மலையடிவாரத்தில், பழைய பருத்த டயர்ச் சைக்கிள்களில் இளைஞர்கள் 'ரீபாக்' என்ற இறக்கப் போட்டியை நடத்தத் தொடங்கியது 1976 இல். தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட முதல் மலைச் சைக்கிள்களுள் ஒன்றான 'ஸ்டம்ப்ஜம்பர்' கடைக்கு வந்தது 1981 இல். ஞாயிற்றுக்கிழமைகளில் அமைதியாகச் சைக்கிள் மிதிக்கும் சில ஆயிரம் பேரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒரு பிரிவு, பின்னாளில் வந்த ஒரு பெரும் விளையாட்டுக்கே அடிநிலமாயிற்று. மின்விசை உதவியுடன் மிதிக்கும் சைக்கிள்களும், குறித்த வேக, வலு வரம்புக்குள் இருந்தால், இன்று அதே உரிமையின் கீழ் அடங்குகின்றன.

ஒரு பத்திரிகையாளரும் ஒரு குதிரைப் பெண்மணியும்

நடப்போரின் போராட்டம் தனிக் கதை. 1932 ஆம் ஆண்டு ஏப்ரலில், டேல்ஸுக்குத் தெற்கேயுள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அனுமதியின்றிக் கூட்டமாக நடந்த தொழிலாளர்களுள் ஐவர் சிறையிடப்பட்டனர். 1935 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 'டெய்லி ஹெரல்ட்' பத்திரிகையில் டொம் ஸ்டீஃபன்சன் என்ற பத்திரிகையாளர், பென்னைன் மலைத்தொடரின் முதுகெலும்பு வழியே ஸ்கொட்லாந்து வரை ஒரு நெடும் பசும்பாதை வேண்டும் என்று எழுதினார். எம் தொழிலில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை மறுநாள் காலையில் மறக்கப்பட்டுவிடும். இக்கட்டுரைக்கு அந்த விதி வாய்க்கவில்லை. எழுதியவர் அதை விடவில்லை. மகாயுத்தம் ஒன்று வந்து போயிற்று. 1949 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1965 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் திகதி, மல்ஹம் மேட்டுநிலத்திலேயே பென்னைன் வே என்ற அந்நடைவழியின் திறப்புவிழா நடைபெற்றது.

ஆனால் பென்னைன் வே பெரும்பாலும் நடைபாதை. குதிரைக்கும் சைக்கிளுக்கும் அது உதவாது. 1986 ஆம் ஆண்டில் மேரி டவுன்லி சீமாட்டி என்ற குதிரையோட்டி, நோர்தம்பர்லாந்திலிருந்து டார்பிஷயர் வரை தோழிகளுடன் குதிரையில் பயணம் செய்தார். குதிரைப் பாதைகள் எவ்வளவு சீர்கெட்டும் மறிக்கப்பட்டும் கிடக்கின்றன என்பதை நாட்டுக்குக் காட்டுவதே அவர் நோக்கம். அதன் விளைவாக உருவாகிய திட்டம் பென்னைன் பிரைடில்வே. 2001 ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய 47 மைல் வட்டப்பாதை 2002 இல் திறக்கப்பட்டது. டேல்ஸ் ஊடாகச் செல்லும் வடபகுதி 2012 இல் நிறைவுபெற்றது. முழு நீளம் 205 மைல். அதன் தென்முனையில், டார்பிஷயரின் சுண்ணக்கல் மேட்டுநிலத்தில், 1967 இல் மூடப்பட்ட பழைய குரொம்ஃபோர்ட் புகையிரதப் பாதையின் தடத்தையே அது பயன்படுத்துகிறது. செட்டில் நகருக்கு மேலே பத்து மைல் வட்டமொன்றும் இதன் பகுதியாக உண்டு. முதன்முதலாக வரும் சைக்கிளோட்டிக்கு டேல்ஸின் சுண்ணக்கல்லைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வழி அரிது. அவ்வட்டத்துக்கு அண்மையிலுள்ள விக்டோரியா குகையில் ஏறக்குறைய 1,30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நீர்யானை, காண்டாமிருகம், யானை ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன.

சைக்கிளோட்டிகள் இன்று தமக்குக் கிடைத்ததாக மகிழும் இந்நெடும்வழியைக் கேட்டுப் பெற்றவர் ஒரு குதிரையோட்டி என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். உரிமைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. கேட்டவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர்.

வழக்கு முடியவில்லை

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இங்கிலாந்தின் பொதுவழிகளில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே சைக்கிளுக்கு உரியது. எஞ்சியவை நடைபாதைகள். 2000 ஆம் ஆண்டின் கிராமப்புற மற்றும் வழியுரிமைச் சட்டம் திறந்த மேட்டுநிலங்களில் விரும்பிய திசையில் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. அது நடப்போருக்கு மட்டுமே. சைக்கிளோட்டி இன்னும் வரைபடத்திலுள்ள கோட்டைவிட்டு விலக முடியாது. வடக்கே ஸ்கொட்லாந்திலோ 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் நிபந்தனையின் பேரில், பெரும்பாலான நிலங்களில் சைக்கிளுக்கும் அனுமதி அளித்துள்ளது. ஒரே தீவு, இரு நியாயங்கள்.

நிலத்தை நம்பி வாழும் கமக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. திறந்து விடப்பட்ட படலையால் ஆடுகள் கலந்துபோனால் அவற்றைப் பிரிப்பது ஒரு நாள் வேலை. 2001 இல் கோமாரி நோய் பரவியபோது நாடெங்கும் கிராமப்புறப் பாதைகள் மூடப்பட்டன. மூன்று மலைப் போட்டியும் அவ்வாண்டு நடைபெறவில்லை. மண்படை மெல்லியதாகையால், ஒருமுறை கிழிந்த புற்றரை எளிதில் ஆறுவதில்லை. மாஸ்டைல்ஸ் ஒழுங்கையையே மோட்டார் சைக்கிள்களும் நாற்சில்லு இழுவை வாகனங்களும் உழுது சேறாக்கின. 2006 ஆம் ஆண்டில் வந்த சட்டமொன்று, பதிவு பெறாத மோட்டார் உரிமைகளில் பெரும்பாலானவற்றை நீக்கியதுடன், தேசியப் பூங்கா அதிகாரசபைகளுக்குத் தடைவிதிக்கும் அதிகாரத்தையும் அளித்தது. அந்த ஒழுங்கை மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டது. சைக்கிளுக்குத் திறந்தே இருக்கிறது.

மிக முக்கியமான விடயம் ஏட்டைப் பற்றியது. 1949 ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு பிரதேசத்திலும் உள்ள பொதுவழிகள் அனைத்தையும் அறுதி வரைபடங்களில் குறிக்கவேண்டும் என்றது. சில இடங்களில் அவ்வேலை ஒழுங்காக நடந்தது. சில இடங்களில் பெருவழிகள் நடைபாதை என்று குறைத்து எழுதப்பட்டன, அல்லது முற்றாக விடுபட்டன. 'ஒருமுறை பெருவழியானது என்றும் பெருவழியே' என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. 2000 ஆம் ஆண்டின் சட்டம் இக்கோட்பாட்டுக்கு ஒரு முடிவுத் திகதி வைத்தது. 1949 க்கு முற்பட்ட பதிவுபெறாத பழைய வழிகள், 2026 ஆம் ஆண்டின் முதல்நாளுக்கு முன் பதியப்படாவிட்டால் பெரும்பாலும் உரிமை இழக்கும் என்பதே அதன் கருத்து. தொண்டர்கள் சுவடிக்கூடங்களில் புகுந்தனர். நில அடைப்பு ஏடுகள், சுங்கச் சாலைக் கணக்குகள், தசமவரி வரைபடங்கள், புகையிரதத் திட்டப்படங்கள் ஆகியவற்றில் தங்கள் ஊர்ப்பாதையின் பெயரைத் தேடினர். எல்லை பின்னர் 2031 வரை தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில், அவ்வெல்லையையே நீக்கும் எண்ணத்தை அரசாங்கம் அறிவித்தது.

பாதையைக் காக்கும் போராட்டம் மலையில் மட்டும் நடைபெறுவதில்லை என்பதை இது காட்டுகிறது. அது சுவடிக்கூடத்தின் மேசையிலும் நடைபெறுகிறது. 1765 இல் ஒரு பாலத்துக்குச் செலவான பணத்தைக் கல்லில் பொறித்து வைத்தவருக்கு, இரண்டரை நூற்றாண்டின் பின் அந்த எழுத்து வழியுரிமைக்குச் சாட்சியாக நிற்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கணக்கு எழுதினார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கு இருக்கிறது.

2014 ஆம் ஆண்டு யூலையில் 'டூர் டி பிரான்ஸ்' போட்டி யோர்க்ஷயரில் தொடங்கியது. முதல்நாள் ஓட்டம் கில்ன்சி பாறையின் அடியால் சென்று, அன்றைய பிற்பகல் ஹரோகேட்டில், அதாவது சி.ரி.சி. பிறந்த ஊரில், முடிவுற்றது. உலகத் தொலைக்காட்சிகள் தார்த்தெருவையே காட்டின. அத்தெருவிலிருந்து பிரிந்து மேட்டின் மீது ஏறும் மாஸ்டைல்ஸ் ஒழுங்கையைக் காட்டவேண்டிய அவசியம் அவற்றுக்கு இருக்கவில்லை. அங்கே வழமைபோல ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

டேல்ஸின் மேட்டுநிலத்தில் சைக்கிள் ஓட்டச் செல்லும் எமது இளைய தலைமுறையினர் இன்று பிரித்தானியாவிலும் உள்ளனர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 30 ஆம் பிரிவு உங்களுக்கு உரிமையைத் தந்தபோதே, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிடும் கடமையையும் சேர்த்தே தந்தது. அந்தக் கடமை நியாயமானது. இந்த வழியில் அவர்கள் பல நூற்றாண்டுகள் மூத்தவர்கள். எதிரே ஆள் வந்தால் பிரேக்கைப் பிடியுங்கள். படலையைத் திறந்தால் மூடிவிட்டுச் செல்லுங்கள்.